கோலாலம்பூரில் துளசி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கெப்போங், பூச்சோங் என்று எந்தப் பக்கம் போனாலும் தமிழர் வீட்டு வாசலில் ஒரு துளசித் தொட்டி இருக்கும். பல வீடுகளில் அது இலை கொட்டிக் குச்சியாய், உச்சியில் காய்ந்த கதிரோடு நின்றுகொண்டிருக்கும். கோவில் வாசலிலும் குடும்ப வாட்சாப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பூஜைத் துளசியோடு அதன் பங்காளிச் செடிகளையும் சேர்த்துக்கொண்டேன். கடைகளில் எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன.

துளசி, திருநீற்றுப்பச்சிலை, பேசில், செலாசே: எல்லாம் ஒரே செடியா?

ஒரே குடும்பம், வேறு வேறு செடிகள். நாம் கும்பிடும் துளசியின் தாவரவியல் பெயர் ஆசிமம் டெனுய்ஃப்ளோரம். பழைய நூல்களில் ஆசிமம் சாங்டம் என்று பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுவேதான். பச்சை இலையோடு வருவது நல்ல துளசி. தண்டிலும் இலையிலும் ஊதா ஓடியது கருந்துளசி, சிலர் கிருஷ்ண துளசி என்பார்கள். நிறம்தான் வேறு, இனம் ஒன்று.

திருநீற்றுப்பச்சிலை வேறு இனம், ஆசிமம் பாசிலிகம். பாஸ்தாவில் போடும் இத்தாலிய பேசில், தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் ஊதாத் தண்டோடு தட்டில் வைக்கும் இலை, சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை, மூன்றும் இந்த இனத்திலிருந்து வருபவை. மலாய்க்காரர்கள் செலாசே என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எலுமிச்சை வாசத்தோடு, வெளிர்பச்சையாய், ஒல்லி இலையோடு இருப்பது கெமாங்கி. அது ஒரு கலப்பினம்.

வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள், மூக்கை நம்புங்கள். ஓர் இலையைக் கசக்கி நுகர்ந்தால் கிராம்பு ஞாபகம் வர வேண்டும், அப்போதுதான் அது துளசி. கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற எண்ணெய்ச் சத்து துளசியிலும் உண்டு. சோம்பு வாசம் வந்தால் தாய்லாந்து வகைத் திருநீற்றுப்பச்சிலை. எலுமிச்சை வந்தால் கெமாங்கி. அப்புறம் தண்டைத் தடவிப் பாருங்கள். துளசித் தண்டில் மெல்லிய மயிர் சொரசொரவென்று விரலில் படும், இலையும் மங்கலாக இருக்கும். திருநீற்றுப்பச்சிலையின் இலை வழுவழுப்பாக மின்னும். சுங்கை பூலோ நாற்றங்கால்களில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதில் இரண்டும் கலந்தே இருக்கும். நுகர்ந்து பார்ப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தாய்லாந்துக் கடைக்காரர் இறைச்சியோடு வதக்குகிறாரே, அதுவும் துளசி என்கிறார்கள். அதைப் பூஜைக்கு வைக்கலாமா?

தாய்லாந்துச் சமையலில் இரண்டு இலைகள் உண்டு. ஹோராபா என்பது சோம்பு வாசம் உள்ள திருநீற்றுப்பச்சிலை. கப்ராவ் என்பது நம் துளசியின் அதே இனம். எனவே செடி என்ற அளவில் கப்ராவைத் துளசி என்று சொல்வதில் தவறில்லை. அவர்கள் அடுப்பில் போடுவதால் செடிக்குத் தீட்டு ஒட்டிவிடாது என்பது என் எண்ணம். ஆனால் கடையிலிருந்து வாங்கிய கட்டு எந்த மருந்து தெளித்து வளர்ந்தது என்று தெரியாது. பூஜைக்கும் தீர்த்தத்துக்கும் வீட்டுச் செடியே மேல்.

ஊரில் தானாக முளைத்துக் காடாக வளர்கிறது. இங்கே மட்டும் ஏன் இரண்டே மாதத்தில் செத்துப்போகிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். வெயில்தான் காரணம் என்று நினைத்து நிழலில் நகர்த்துவார்கள், அது இன்னும் சீக்கிரம் போய்விடும். வெயிலால் துளசி சாவதில்லை. இங்கே அதைக் கொல்வது தண்ணீர்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல். மழையில்லாத மாதம் என்று ஒன்றே கிடையாது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்து இடிமழை தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். துளசி வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். மண் நாள் கணக்கில் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். மேலே இலை தொங்கும். அதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு செம்பு ஊற்றுவோம். கதை முடிந்தது.

நம் வழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. காலையில் குளித்துவிட்டுத் துளசிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிச் சுற்றி வருவது பாட்டி காலத்துப் பழக்கம். வறண்ட ஊரில் பிறந்த பழக்கம் அது, அங்கே அது செடிக்கு உயிர். இங்கே முதல் நாள் மாலை மழை பெய்திருந்தால் ஓர் உத்தரணி தண்ணீர் விட்டால் போதும். சாமிக்கு அளவு கணக்கில்லை, வேருக்கு இருக்கிறது.

விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

என்ன மண், எவ்வளவு பெரிய தொட்டி?

இங்கே பொதுவாகச் சொல்லும் கலவை 3:2:1. மேல்மண் மூன்று பங்கு, மட்கிய உரம் இரண்டு, மணல் ஒன்று. துளசிக்கு மணலை இன்னும் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். நாற்றங்காலில் கிடைக்கும் கருக்கிய உமி கொஞ்சம் கலந்தால் மண் இறுகாது. வீட்டுக்குப் பின்னால் வெட்டி எடுத்த செம்மண்ணை மட்டும் போட்டால், நாலு மழைக்குப் பிறகு செங்கல்லாக இறுகிவிடும்.

தொட்டி ஒரு அடி அகலமாவது இருக்கட்டும். மண் தொட்டி பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காயும். அடியில் துளை அடைபடாமல் இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள்.

உரம் மாதம் ஒரு கைப்பிடி ஆட்டுப் புழுக்கை போதும். அள்ளிப் போட்டால் இலை பெரிதாக வரும், வாசம் குறைந்துவிடும்.

கொண்டோவில் பால்கனி மட்டும்தான். எந்தத் திசை சரிப்படும்?

கிழக்கு. இங்கே காலை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், பிற்பகலில் மேகம் திரண்டு இடி இடிக்கும். அதனால் கிழக்குப் பால்கனிக்கு நம்பகமான வெயில் கிடைக்கும். மேற்கும் பரவாயில்லை, ஆனால் மழைநாட்களில் வெயில் வருவதற்கு முன்பே வானம் மூடிக்கொள்ளும்.

வடக்கு, தெற்குப் பால்கனிக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகைதான் வடக்கே. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், மீதி ஆறு மாதம் தெற்கே. ஆகவே வடக்குப் பால்கனித் துளசி சித்திரை, வைகாசியில் செழித்துவிட்டுக் கார்த்திகையில் இளைக்கும். தெற்குப் பால்கனியில் இது தலைகீழ். செடிக்கு நோய் என்று பயந்து மருந்து அடிக்காதீர்கள், வெயில் மறுபக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்துக்குத் தொட்டியைச் சன்னலோரமோ அண்டை வீட்டுக்காரரிடமோ மாற்றிவிடலாம்.

ஒரு நாளைக்கு நாலு மணி நேர நேரடி வெயிலாவது கிடைக்க வேண்டும், ஆறு என்றால் நல்லது. வரவேற்பறை மூலையில் அலங்காரமாக வைத்த துளசி வெளிறி, ஒல்லியாக நீண்டு, மடிந்து விழும். வீட்டுக்குள் வைத்தால் வாஸ்து சரியாகும் என்று சொல்பவர்கள் அந்தச் செடியையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விதை போடுவதா, நாற்று வாங்குவதா, கிளை ஒடித்து வைப்பதா?

மூன்றும் நடக்கும். அவசரம் என்றால் கிளை.

பூக்காத இளங்கிளையாகப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்குள் வெட்டுங்கள். கீழ் இலைகளை உருவிவிட்டுக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு வெளிச்சம் உள்ள நிழலில் வையுங்கள். இரண்டு நாளைக்கொருமுறை தண்ணீர் மாற்றுங்கள், செடிக்கும் நல்லது, கொசுவும் முட்டையிடாது. ஒன்று, இரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கும். ஒரு விரற்கடை நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். பூத்த கிளையை வைத்தால் அது வேர் விடுவதைவிட விதை கட்டுவதிலேயே குறியாக இருக்கும்.

விதை வேண்டுமென்றால், பழுப்பேறிய கதிரை ஒரு வெள்ளைத்தாளின்மேல் கசக்குங்கள். ஒவ்வொரு காய்ந்த பூக்கிண்ணத்துக்குள்ளும் அதிகபட்சம் நாலு விதை, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். மண்ணில் புதைக்க வேண்டாம். மேலே தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, தெளிப்பானால் நனைத்தால் போதும். மழை நேரடியாக அடித்தால் விதையெல்லாம் ஓரத்தில் ஒதுங்கிவிடும், அதனால் கூரைக்கடியில் வையுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் முளைக்கும். நல்ல துளசியும் கருந்துளசியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தேனீ கலந்துவிடும், பிள்ளைச் செடி தாய் நிறத்திலேயே வரும் என்று உறுதி சொல்ல முடியாது. கருந்துளசிதான் வேண்டும் என்பவர்கள் கிளை வைப்பதே சரி.

ஊருக்குப் போகும்போது ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு செடியோ விதையோ கொண்டு வரலாமா?

பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. செடி, விதை, மண் எதுவாக இருந்தாலும் மலேசியாவுக்குள் கொண்டுவர 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் அதிகாரிகள் சோதிப்பார்கள். வேரோடும் மண்ணோடும் நோய் வந்து இங்குள்ள பயிரைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நியாயமானதும்கூட. தோட்டத்து லயங்களில் நம் முன்னோர் வளர்த்த துளசியின் வழி வந்த செடிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. தெரிந்தவர்களிடம் ஒரு கிளை கேட்டு வாங்குங்கள்.

துளசிக் கதிரைக் கிள்ளலாமா? வெட்டினால் பாவம் என்று மாமியார் சொல்கிறார்.

கிள்ளத்தான் வேண்டும். துளசி நீண்ட நாள் வாழும் மரமல்ல. பூத்து, விதை கட்டி முடித்ததும் தன் வேலை ஆயிற்று என்று கட்டையாகிவிடும். தொடாமல் பக்தியோடு பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளில்தான் செடி ஓராண்டுக்குள் குச்சியாகிறது. வாரம் ஒருமுறை கதிரை அதன் அடியில் இருக்கும் முதல் ஜோடி இலையோடு சேர்த்துக் கிள்ளிவிட்டால், அந்த இடத்திலிருந்து இரண்டு தளிர் வரும். அந்த இரண்டைக் கிள்ளினால் நாலு. இப்படியே போனால் ஒற்றைக் குச்சி புதராகும், இரண்டு மூன்று ஆண்டும் நிற்கும். கிள்ளிய கதிரை வீசவும் வேண்டாம். மஞ்சரியோடு இருக்கும் துளசி பெருமாளுக்கு விசேஷம் என்றுதானே சொல்கிறோம், படத்துக்கு வையுங்கள்.

பாவம் என்பவர்களிடம் பெரியாழ்வாரை ஞாபகப்படுத்துங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் போட்டு, தினமும் பறித்துத் தொடுத்துக் கோவிலுக்குக் கொடுத்தவர் அவர். அந்த நந்தவனத்துத் துளசியடியில்தான் ஆண்டாள் கிடைத்ததாக வரலாறு சொல்கிறது. பறிக்காமல் மாலை ஏது? பழக்கத்தில் தடுத்திருப்பதெல்லாம் கண்ட நேரத்தில், குளிக்காமல், தேவையில்லாமல் பறிப்பதை.

மாமியாருக்குச் சங்கடமாக இருந்தால் அவர் கையாலேயே காலையில் பறிக்கச் சொல்லுங்கள். இலை இலையாக உருவாமல், நுனியோடு நாலு இலைக் கொத்தாகக் கிள்ளச் சொல்லுங்கள். பூஜையும் ஆயிற்று, கவாத்தும் ஆயிற்று.

கத்தரி போட்டுப் பெரிதாக வெட்டுவதென்றால் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இலையே இல்லாத பழுத்த கட்டை வரை இறக்கி வெட்டினால் சில சமயம் திரும்பத் தழைப்பதில்லை.

எந்த நாட்களில் பறிக்கக் கூடாது?

வீட்டுக்கு வீடு வேறுபடும். துவாதசி, அமாவாசை, பௌர்ணமி, ஞாயிறு, அப்புறம் பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம் என்று பரவலாகச் சொல்வார்கள். செவ்வாய், வெள்ளியையும் சேர்ப்பவர்கள் உண்டு. அதற்கு வழியும் முன்னோரே வைத்திருக்கிறார்கள். துளசி பழசானாலும் பூஜைக்கு ஆகும் என்பதால் முதல் நாளே பறித்து வைத்துக்கொள்ளலாம். விநாயகருக்கு மட்டும் சதுர்த்தி தவிர மற்ற நாட்களில் துளசி வைப்பதில்லை.

புரட்டாசி வந்தால் துளசியே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

புரட்டாசிச் சனிக்கிழமையில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோவில் பக்கம் போயிருந்தால் எவ்வளவு துளசி செலவாகிறது என்று தெரியும். வீட்டிலும் அந்த மாதம் முழுக்க விரதம், நாள்தோறும் தீர்த்தம், மாலை. அதே சமயம் இங்கே மழையும் கூடத் தொடங்கும், செடி மெதுவாகத்தான் துளிர்க்கும். ஆடி முடியும்போதே, அதாவது ஆகஸ்டு நடுவில், நன்றாகக் கவாத்துச் செய்து ஒரு கைப்பிடி உரம் போட்டுவிடுங்கள். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்கும்போது செடி தழைத்து நிற்கும். ஒரு தொட்டியை மட்டும் நம்பாமல் இரண்டு வைத்து, வாரம் மாற்றி வாரம் பறித்தால் எதுவும் மொட்டையாகாது.

இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகிச் சுருள்கிறது. அடியில் கறுப்புச் சொட்டுகள். இது என்ன?

இலையைத் திருப்பிப் பாருங்கள். தார் சிந்தினதுபோல் பளபளவென்று குட்டிக் குட்டிக் கறுப்புச் சொட்டு இருக்கிறதா? அது பூச்சியின் எச்சம். பக்கத்திலேயே கறுப்பாய், முள் முளைத்த மாதிரிக் குஞ்சுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்த பூச்சி எள்ளளவுதான், இறகு கண்ணாடி வலைபோல் இருக்கும். இதை வலையிறகுப் பூச்சி என்று சொல்லலாம். சாற்றை உறிஞ்சி உறிஞ்சி இலையை வெளுக்க வைத்துவிடும். துளசி குடும்பச் செடிகள்தான் இதற்குப் பிடித்தம். பக்கத்தில் பூனைமீசைச் செடி வளர்த்தால் அதையும் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும், ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் மற்றதிலிருந்து திரும்பி வரும்.

மோசமாகச் சுருண்ட கிளைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மீதிக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். மேலே மட்டும் தெளித்தால் பூச்சிக்குக் குளித்த மாதிரிகூட இருக்காது. வாரம் ஒருமுறை, மூன்று நாலு வாரம். இரவு மழை பெய்தால் கணக்கில் சேராது, மறுபடி தெளிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் இலையைத் தின்னவும் தீர்த்தத்தில் போடவும் வேண்டாம்.

மாவுப்பூச்சி?

பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கணுவில் ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். எறும்பு நடமாட்டத்தையும் நிறுத்துங்கள், அதைத் தூக்கிக்கொண்டு வந்து விடுவதே எறும்புதான். தொட்டியில் பால் ஊற்றுகிற வீடுகளில் எறும்பு அதிகம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாலைத் தீபாராதனைக்குக் காட்டிவிட்டு நீங்களே குடித்துவிடுங்கள். மஞ்சள், குங்குமத்தைத் தண்டில் பூசாமல் தொட்டியிலோ மாடத்திலோ வையுங்கள். ஊதுபத்தியை மண்ணில் குத்துவதும் அகலை இலைக்கடியில் ஏற்றுவதும் வேண்டாம்.

துளசி இருந்தால் கொசு வராதாமே?

துளசி எண்ணெயைப் பிழிந்து எடுத்தால் கொசுவை விரட்டும் குணம் அதில் உண்டு. செடி சும்மா தொட்டியில் நிற்பதால் கொசு ஓடிவிடாது. சரியாகப் பார்க்காவிட்டால் துளசித் தொட்டியே கொசுவை வளர்க்கும். அடியில் வைக்கிற தட்டில் தேங்கும் தண்ணீர் ஏடிஸுக்குப் பிடித்த இடம், முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். சுகாதார அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் முதலில் பூச்சட்டித் தட்டைத்தான் பார்ப்பார்கள். புழு இருந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு. தட்டை எடுத்துவிடுங்கள். தரை நனையக் கூடாதென்றால் தட்டு நிறைய மணல் நிரப்புங்கள்.

புகையடிக்க வரும் நாளில் தொட்டியை உள்ளே எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் செடியை நன்றாகக் கழுவி, சில நாள் விட்டுப் பறியுங்கள்.

சளி, இருமலுக்கு எப்படிக் கொடுப்பது?

பத்துப் பன்னிரண்டு இலை, நாலு மிளகைத் தட்டி, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு தம்ளர் தண்ணீர். ஒரு தம்ளராகச் சுண்டியதும் வடிகட்டிப் பனங்கற்கண்டு போட்டு இளஞ்சூட்டில் குடிக்கலாம். தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பு கொஞ்சம் விடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதில் தேன் கலந்து கொடுக்கவே கூடாது.

காய்ச்சலுக்கு இதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இது டெங்கி ஊர். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினாலோ, கண்ணுக்குப் பின்னால் வலி, வயிற்றுவலி, வாந்தி இருந்தாலோ ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். கஷாயத்தை வந்து குடித்துக்கொள்ளலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் துளசியைத் தினசரி மருந்தாக எடுக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். தீர்த்தத்தில் வரும் இரண்டு இலைக்கு இந்தப் பயம் வேண்டாம். சாற்றைக் காதிலும் கண்ணிலும் விடும் பழைய வைத்தியத்தை விட்டுவிடுங்கள்.

கற்பூரவல்லியும் துளசி வகைதானே?

இல்லை. தடித்த, சதைப்பிடிப்பான இலை அது. தூரத்து உறவு, சளிக்குக் கொடுப்பதால் குழப்பிக்கொள்கிறோம்.

துளசி இருபத்துநாலு மணி நேரமும் ஆக்சிஜன் விடுகிறது என்று வாட்சாப்பில் வந்ததே?

வரும். எல்லாப் பச்சைச் செடியையும் போலவே வெளிச்சத்தில்தான் விடும், இரவில் அதுவும் மூச்சு வாங்கும்.

சர்பத்தில் போடும் சப்ஜா விதை எது? சியா விதையும் அதுவும் ஒன்றா?

சப்ஜா திருநீற்றுப்பச்சிலையின் விதை. இங்கே பீஜி செலாசே என்று விற்பார்கள், நோன்பு மாதச் சந்தையில் சிவப்புச் சிரப்பில் தவளை முட்டைபோல் மிதப்பது இதுதான். சியா வேறு செடி. பார்த்தாலே தெரியும்: சப்ஜா சீராகக் கறுப்பு, சியாவில் சாம்பலும் வெள்ளையும் கலந்த பூவேலை இருக்கும். தண்ணீரில் போட்டால் சப்ஜா சில நிமிடத்திலேயே உப்பிவிடும், சியா நிதானமாக ஊறும்.

ஒரு தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி போதும். பத்துப் பதினைந்து நிமிடம் முழுசாக ஊறவிட்டுத்தான் குடிக்க வேண்டும். உலர்ந்த விதையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் உப்பி அடைத்துவிடும், பிள்ளைகள் கைக்கெட்டாமல் வையுங்கள். சிரப்பும் பாலும் ஊற்றிய பண்டோங்கில் போட்டாலும் நன்றாக இருக்கும். உடல் சூடு தணியும் என்று பெரியவர்கள் கொடுப்பது இந்த ஊர் உச்சிவெயிலுக்குப் பொருத்தம்தான்.

மளிகைக்கடைச் சப்ஜாவில் ஒரு சிட்டிகையை மண்ணில் தூவிப் பாருங்கள். பாக்கெட் ரொம்பப் பழசாக இல்லாவிட்டால் பெரும்பாலும் முளைக்கும். காசில்லாமல் ஒரு தொட்டி திருநீற்றுப்பச்சிலை.

திருநீற்றுப்பச்சிலையைச் சமைக்கலாமா?

தாராளமாக. ஹக்கா சீனர்கள் லேய் சாவுக்கு அரைக்கும் கீரைகளில் இதுவும் ஒன்று. நம் வீட்டில் ரசம் இறக்கும்போது நாலு இலை கிள்ளிப் போடலாம், தக்காளித் தொக்கோடும் சேரும். கொதிக்கவிட்டால் வாசம் பறந்துவிடும். கெமாங்கியைப் பச்சையாகவே சம்பலோடு தின்னலாம்.

வளர்ப்பில் இது துளசியைவிடக் கொஞ்சம் நோஞ்சான். மழைக்காலத்தில் இலை நரம்புகளுக்கிடையே மஞ்சளாகி, அடியில் சாம்பல் பூத்தால் பூஞ்சை வந்திருக்கிறது. அந்தச் செடியைப் பிடுங்கி எறிவதே மேல். தொட்டிகளை நெருக்கி வைக்காமல் காற்றோட்டமாக வைத்தாலே பாதி பிரச்சினை வராது.

செடி செத்துவிட்டது. குப்பையில் போட மனம் வரவில்லை.

போட வேண்டாம். கட்டையைக் கழுவி நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள், ஹோமத்தில் சேர்ப்பார்கள். துளசிமணி கோக்கிறவர்களுக்கு தடித்த தண்டு ஆகும், ஐயப்பனுக்கு மாலை போடும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். இலையும் சின்னக் குச்சியும் வேறொரு செடியின் அடியில் மட்கட்டும்.

பட்ட செடியை வாசலில் வைத்துக்கொண்டு அபசகுனமோ என்று கலங்குபவர்கள் இருக்கிறார்கள். துளசிக்கு ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான், அதற்குள் ஒரு கிளையை வேர்விட வைத்துக்கொள்வது நம் வேலை. வேர் அழுகித்தான் செத்தது என்றால் அந்த மண்ணில் மறுபடி துளசி வைக்காதீர்கள், நோய் அதிலேயே இருக்கும். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்துவிட்டு, புது மண் நிரப்புங்கள்.